ஐந்தாவது டயர்

மார்ச் 2

மருமகளுக்கு,

உன் குரல் இனிமேல் என் காதில் விழக்கூடாது என்று, என் மகனைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன அன்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் குரலைத்தான் சொன்னேன், எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் சொல். போன் வேண்டாம். என் மகன் நோயில் கிடந்து உருகிக்கொண்டிருந்த மாதங்களில், ஞாயிறு தவறாமல் நான் கூப்பிட்டபோதெல்லாம் "நல்லா இருக்கார் மாமா, வேலைதான் ஜாஸ்தி" என்று சொன்ன குரல் அது. எழுத்தென்றால் கையில் இருக்கும். நாளைக்கு மாற்றிப் பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். அவன் புதுப்பிக்க ஆரம்பித்த பழைய கார் தயாராகிவிட்டது. எஞ்சினும் பெயின்ட்டும் அவன் முடித்து வைத்தவை. பிரேக், கூரைத் துணி, கதவு ரப்பர் எல்லாம் அடுத்த தெரு மெக்கானிக்கை வைத்து நான் முடித்தேன். சாவியைத் திருப்பினால் உறுமுகிறது. இரண்டே பேர் உட்காரக்கூடிய வண்டிக்கு அவ்வளவு சத்தம் எங்கிருந்து வருகிறதோ. முன்பக்கம் இன்னும் சிடுசிடுவென்றுதான் இருக்கிறது. "சிடுமூஞ்சி" என்று அவன் சரியாகத்தான் பெயர் வைத்தான். என்னைப் பார்த்து வைத்ததாகவும் கேள்வி.

பாக்கி டயர் மட்டும்தான். வண்டி இப்போது நான்கு கட்டைகள் மேல் நிற்கிறது. பின்னறையில் அவன் காகிதம் சுற்றி அடுக்கிய ஐந்து டயர்கள் இருக்கின்றன. மூடிப்போன ஒரு டயர் கடையின் கிடங்கிலிருந்து அவற்றை அவன் கொண்டுவந்த அன்று நீயும் இங்கே இருந்தாய். "அப்பா, இந்த வண்டிக்கு ஃபேக்டரியில போட்ட டயர் இதுதான், அஞ்சும் கெடச்சிருச்சு" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். போன வாரம் பழைய வண்டிச் சங்கத்தின் செயலாளர் வந்தார். டிக்கிப் பள்ளத்தில் பழங்காலத்திலிருந்து கிடக்கும் ஸ்டெப்னியைப் பார்த்துவிட்டு, "ஸ்டெப்னிய யாரும் மாத்த மாட்டாங்க சார். வண்டியோட பொறந்தது இதுதான். உங்க பையன் வாங்கினது வேற கம்பெனி. பாவம், நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்றார். தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

என் மகன் ஏமாந்தானா இல்லையா? டயரைச் சோதிப்பதுதானே உன் வேலை. பார்த்துச் சொல்.

மே மாதம் பேத்திக்கு ஆறு வயது முடிகிறது. அன்றைக்கு அவளை அந்த வண்டியில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்ட வேண்டும். அவளுக்கு அவன் கொடுத்த வாக்கு அது. ஃபேக்டரியை விட்டு எப்படி வந்ததோ அப்படியே ஓட வேண்டும் என்பதும் அவன் சொன்னதுதான். அவனுக்கென்று நான் செய்ய மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

உன் கணவனின் தகப்பன்


மார்ச் 8

மாமாவுக்கு,

கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்துவிட்டேன். பாப்பா எட்டிப் பார்த்து, "தாத்தாவா? இன்னும் கத்துறாரா?" என்றாள். "இல்ல, டயர் பத்திக் கேட்டிருக்கார்" என்றேன். "அப்ப சரியாயிட்டார்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவள் நன்றாக இருக்கிறாள். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். முன்பல் இரண்டு விழுந்துவிட்டன.

டயருக்கு வருகிறேன். செயலாளர் சொன்னது முழுக்க உளறல் இல்லை. பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஸ்டெப்னிதான் சாட்சி. ஓடாமல் கிடப்பதால் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் 'பெரும்பாலும்' என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஐந்து டயரிலும் ஸ்டெப்னியிலும் பக்கவாட்டில் உள்ள எழுத்து, எண் எல்லாவற்றையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். ஒரு புள்ளி, ஒரு கோடு விடக்கூடாது. இரண்டு பக்கமும் பாருங்கள், சில எண்கள் உள்பக்கம் மட்டும் இருக்கும். எழுத்து தெரியாவிட்டால் முகப்பவுடரைத் தேய்த்துத் துடையுங்கள், பள்ளத்தில் தங்கித் தெரியும். பிறகு டயர் தரையில் படும் பக்கத்தில் இருக்கும் பட்டன் கட்டங்கள் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் வடிவம் பதியும். அதையும் அனுப்புங்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டில் வண்டி தயாரான மாதம் அடித்திருக்கும், அதுவும் வேண்டும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நோயைப் பற்றி உங்களிடம் சொல்லக்கூடாது என்று உங்கள் மகன்தான் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "அம்மா போனப்பவே அப்பா பாதி ஆளாயிட்டார். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரிய வேணாம்" என்றார். அந்தப் பொய்யை ஒவ்வொரு ஞாயிறும் சொன்னது என் வாய்தான், இல்லை என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவேன். இதை நீங்கள் நம்பவேண்டும் என்று கேட்கவில்லை.

உங்கள் மருமகள்


மார்ச் 15

மருமகளுக்கு,

நீ கேட்ட எல்லாம் தனித்தாளில் இருக்கிறது. ஷெட்டுக்குள் தரையில் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முகமெல்லாம் பவுடராக நான் கிடந்ததைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கின் மனைவி, "ஐயோ, பெரியவர் போயிட்டாரு" என்று தெருவையே கூட்டிவிட்டாள். எழுந்து உட்கார்ந்து, "போகல, டயர் பாக்குறேன்" என்றேன். அதற்கும் கூச்சல் போட்டாள்.

சுருக்கமாக: ஐந்து டயரிலும் ஒரே எழுத்துத்தான். 165, பிறகு எச், ஆர், பிறகு 15. நடுவில் கோடு கீடு எதுவும் இல்லை. உள்பக்கம் மட்டும் மூன்று இலக்க எண் ஒன்று. ஐந்திலும் கடைசி இலக்கம் ஒன்றேதான். முன்னால் உள்ள இரண்டு இலக்கமும் டயருக்கு டயர் ஒன்றிரண்டுதான் கூடக் குறைய இருக்கின்றன. ஸ்டெப்னியில் 165 போட்டு, ஒரு சாய்கோடு இழுத்து, 80 என்று இருக்கிறது. எச் இல்லை. தகட்டில் உள்ள மாதத்தைப் பென்சிலால் தேய்த்தே அனுப்பியிருக்கிறேன். அவன் அந்தத் தகட்டை என்ன தேய்ப்புத் தேய்த்திருக்கிறான்! என் முகம் தெரிகிறது.

பட்டன் பதிவுகளை எடுக்க நான்கு பென்சில் தீர்ந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. மிளகளவு கட்டங்கள், நடுவில் வளைந்து வளைந்து போகும் நாலு கால்வாய். நகத்தால் குத்திப் பார்த்தேன், இறங்குகிறது. டயர் அச்சிலிருந்து எடுக்கும்போது இருக்குமே ரப்பர் முடி, அதுகூட உதிரவில்லை. நேற்றுச் செய்தது மாதிரி இருக்கின்றன.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்தேன்.

பல் விழுந்தால் முளைத்துவிடும் என்று பேத்தியிடம் சொல்.


மார்ச் 21

மாமாவுக்கு,

முதலில் சந்தோஷமான செய்தி. அவர் ஏமாறவில்லை.

அளவை எழுதும்போது நடுவில் சாய்கோடு போட்டு இன்னொரு எண் சேர்க்கும் வழக்கம் இந்த வண்டி தயாரான காலத்தில் கிடையாது. சில வருடம் கழித்துத்தான் வந்தது. அதனால் உங்கள் ஸ்டெப்னி வண்டியோடு பிறந்ததாக இருக்கவே முடியாது. யாரோ ஒரு பழைய சொந்தக்காரர் பஞ்சராகி மாற்றியிருக்கிறார். அந்த ஐந்தில் உள்ள 'எச்' வேகத்துக்கான எழுத்து, மணிக்கு இருநூற்றுப் பத்து வரை தாங்கும் என்று பொருள். இந்த வண்டியின் வேகத்துக்கு அதற்குக் குறைந்ததை ஃபேக்டரி மாட்டியிருக்காது. மூன்று இலக்க எண்ணில் முதல் இரண்டும் தயாரித்த வாரம். கடைசி, வருடத்தின் கடைசி இலக்கம். எந்தப் பத்தாண்டு என்று அது சொல்லாது, ஆனால் சாய்கோடு இல்லாததும் வண்டித் தகடும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. வண்டி தயாரான மாதத்துக்குக் கொஞ்சம் முந்திய வாரங்கள் அவை. உங்கள் பென்சில் பதிவை எங்கள் நூலகத்தில் இருக்கும் பழைய அச்சுப் படங்களோடு வைத்துப் பார்த்தேன். அந்த வண்டிக் கம்பெனிக்கு இரண்டு பேர் டயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒருவருடைய அச்சு அப்படியே பொருந்துகிறது. பதிவு அவ்வளவு துல்லியம். நூலகர், "யாரு எடுத்தது?" என்று கேட்டார். "எங்க மாமா" என்றேன்.

செயலாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுத்தே சொல்லுங்கள்.

அடுத்து எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது. இவை அசல் என்று எந்த எண் சொல்கிறதோ, அதே எண்தான் இவற்றை ஓட்டக்கூடாது என்றும் சொல்கிறது. என் வயதைவிட அதிகம் இவற்றின் வயது. ரப்பர் சும்மா இருந்தாலும் கிழடாகும் மாமா, இருட்டில் காகிதம் சுற்றி வைத்தாலும் ஆகும். வெளியே நகம் இறங்கும், முடி உதிராது, எல்லாம் சரி. உள்ளே அடுக்குக்கும் அடுக்குக்கும் உள்ள பிடிப்பு விட்டிருக்கும். வேகம் எடுத்ததும் மேல்தோல் மொத்தமாக உரிந்து வந்துவிடும். வாரத்துக்கு ஒன்றாவது அப்படி உரிந்தது என் மேஜைக்கு வருகிறது. சிலவற்றோடு போலீஸ் அறிக்கையும் வரும்.

அதே பழைய அச்சுகளை வாங்கி, புது ரப்பரில் அதே டயரைச் செய்து விற்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. முகவரி கீழே எழுதியிருக்கிறேன். அதை மாட்டுங்கள். அந்த ஐந்தின் மேல் பாப்பாவை ஏற்ற நான் சம்மதிக்கமாட்டேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 25

அசல் என்று எழுதிய மை காயவில்லை, அதற்குள் ஓட்டாதே என்கிறாய். நான் என்ன காதில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனா?

உனக்கு வண்டி ஓட வேண்டாம். பேத்தி இங்கே வர வேண்டாம். அதை நேராகச் சொல்ல வாய் வராமல் டயரைத் துணைக்குக் கூப்பிடுகிறாய். அன்றைக்கு நன்றாக இல்லாதவனை நன்றாக இருக்கிறான் என்றாய். இன்றைக்கு நன்றாக இருப்பதை நன்றாக இல்லை என்கிறாய். நான் எதைத்தான் நம்புவது?

அவன் அலையாத இடமில்லை. அந்தக் கிடங்குக் கதவைத் திறக்க வைப்பதற்கு டயர் கடைக்காரர் வீட்டு வாசலில் மழையில் நின்றான். அதெல்லாம் நகலை மாட்டவா?

மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். வரும் வாரம் நான்கையும் ரிம்மில் ஏற்றுகிறோம். ஐந்தாவது டிக்கிப் பள்ளத்தில் போய் உட்காரும். நீ பேத்தியை அனுப்பாவிட்டால் நான் தனியாக ஓட்டிக்கொள்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் பரவாயில்லை.


மார்ச் 30

மாமாவுக்கு,

கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் தட்டைப் போட்டு உடைத்தேன். உண்மையாகவே உடைத்தேன். ஆனாலும் பரவாயில்லையா? யாருக்குப் பரவாயில்லை? அந்தக் குழந்தைக்கு அப்பா பக்கத்தில் பாக்கி இருப்பது நீங்கள் ஒருத்தர்தான்.

நீங்கள் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவர். ஒரு பெரிய கட்டடத்தின் லிஃப்டுக்கு நீங்கள் பூட்டுப் போட்ட கதையை அவர் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் தெரியுமா? சொந்தக்காரர் கெஞ்சினாராம், "ரோப்பு பளபளன்னு புதுசா இருக்கு, பாருங்க சார்." நீங்கள், "பளபளப்புக்கு நான் கையெழுத்துப் போடறதில்ல" என்றீர்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த மனுஷர்தான் இன்றைக்கு நகத்தால் குத்திப் பார்த்துவிட்டு நேற்றுச் செய்த மாதிரி இருக்கிறது என்று எழுதுகிறார்.

என் பேச்சை நம்ப வேண்டாம். மெஷினை நம்புங்கள். ஐந்தில் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். எங்களிடம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை இருக்கிறது. டயரில் காற்றடித்து, வண்டியின் பாரத்தை ஏற்றி, அந்த உருளைமேல் அழுத்தி ஓடவிட்டு, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவோம். முழு நேரமும் தாங்கினால் தேர்ச்சி. தாங்காவிட்டால் அங்கேயே கிழியும். எக்ஸ்ரே எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். எக்ஸ்ரே டயருக்குள் இருக்கும் கம்பியைக் காட்டும், அடுக்குகளின் பிடிப்பைக் காட்டாது. ஓட்டி முடித்ததும் அறுத்துப் பார்த்தாக வேண்டும். அதனால் தேறினாலும் தேறாவிட்டாலும் அந்த டயர் திரும்பி வராது. அதுதான் கஷ்டம். ஐந்து நான்காகிவிடும்.

எதை அனுப்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நீங்கள் மகனை இழந்தீர்கள், எனக்குத் தெரியும். நானும் இழந்தேன் மாமா. அதை நீங்கள் ஒரு தடவைகூட எழுதவில்லை.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 5

மருமகளுக்கு,

டயர் லாரியில் வருகிறது. உன் பெயருக்குத்தான் எழுதியிருக்கிறேன், வேறு யார் கையிலும் கொடுக்கச் சொல்லாதே.

ஐந்திலும் மோசமானதை அனுப்பியிருக்கிறேன். அடுக்கில் அடியில் கிடந்தது. ரிம்மில் உட்காரும் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது, பார்த்துக்கொள். நல்லதை அனுப்பித் தேறவைக்க எனக்குத் தெரியாமலில்லை. என் வேலையில் நான் அப்படிச் செய்ததில்லை. இருப்பதில் சந்தேகமான ரோப் எதுவோ அதில்தான் கை வைப்பேன். வாசலில் லாரிக்காரன் அதைத் தூக்கிப் போட்டபோது "பாத்துப் போடுய்யா" என்று கத்தினேன். பதிவெடுக்கக் கிழியாமல் பிரித்திருந்த என் மகனின் காகிதத்தையே அதே மடிப்பில் சுற்றி, அவன் டேப்பையே ஒட்டி அனுப்பினேன்.

பேச்சு இதுதான். தாங்கினால், மீதி நான்கும் வண்டியில் ஏறும், பிறந்தநாளன்று பேத்தி என் பக்கத்தில் உட்காருவாள், நீ மறுத்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. தாங்காவிட்டால் நீ சொன்ன கம்பெனியில் புது டயர் வாங்கி மாட்டுகிறேன். நானும் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

முடிவு என்ன என்று நீதான் எழுதப்போகிறாய், உன் மெஷின் எனக்கு எழுதாது. அது எனக்குத் தெரிகிறது. உன்னை நம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு வேறு வழியில்லை.

அறுத்த துண்டு எதையும் எனக்கு அனுப்பாதே.

நீயும் இழந்தாய். எழுதிவிட்டேன்.


ஏப்ரல் 24

மாமாவுக்கு,

டயர் தாங்கிவிட்டது.

சுற்றி வளைக்காமல் முதலில் இதை எழுதிவிட வேண்டும் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வேறு மாதிரியும் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். கிழிந்துவிட்டது மாமா, நல்லவேளை என்று ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. பிறகு அதைக் கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. காகிதத்தை நான்தான் பிரித்தேன். மடிப்புகளில் அவர் ஒட்டிய டேப் இருந்தது. கத்தியை வைக்க மனசு வராமல் நகத்தால் எடுத்தேன். உங்கள் வெடிப்பைப் பார்த்தோம், அளந்தோம். என்னோடு வேலை செய்பவர், "அக்கா, இது முதல் வேகத்துக்கே தாங்காது, தள்ளி நில்லுங்க" என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் வேகம் தாங்கியது. இரண்டாவது தாங்கியது. கிழி, கிழிந்து தொலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தேடிக் கண்டெடுத்த பொருளைப் பார்த்து அப்படிச் சொன்னேன். வேகம் கூடக்கூட அது சத்தமில்லாமல் ஓடியது. சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகவில்லை. கடைசி வேகத்தில் சூடு ஏறியது, ஆனால் அனுமதித்த அளவுக்குள்தான். நேரம் முடிந்து மெஷின் தானாக நின்றது. என் கூட வேலை செய்பவர் கை தட்டினார். எனக்கு அழுகை வந்தது, எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிறகு அறுத்தோம். அடுக்குகள் சுத்தமாக இருக்கின்றன. பிரிவு இல்லை. ரப்பர் கொஞ்சம் இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். என் வேலையில் இதற்குத் தேர்ச்சி என்று பெயர். இந்த வயதில் ஒரு டயர் இப்படித் தேறி நான் பார்த்ததில்லை.

இதற்கு எதிராக என்னால் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தோற்றபிறகு சொன்னால் சாக்கு, அதனால் எழுதவில்லை.

பேச்சுப் பேச்சுத்தான். பிறந்தநாளுக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மறுத்து ஒன்றும் பேசமாட்டேன். பயமாக இருக்கிறது. அதை மட்டும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

உங்கள் மருமகள்


மே 7

அம்மாடி,

உன் கடிதம் வந்த அன்று வண்டி தயாராக இருந்தது. நான்கு அசல் டயர்களும் ரிம்மில் ஏறி, காற்றடித்து, கட்டைகளை எடுத்து, முதல் தடவையாக அது தன் காலில் தரையில் நின்றது. மெக்கானிக்கும் நானும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவ்வளவு அழகு. "ஜெயிச்சிட்டீங்க பெரியவரே, ஏறுங்க" என்றான்.

ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன். பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். பிறகு இறங்கி, "கழட்டு" என்றேன். "என்னது?" என்றான். "நாலையும் கழட்டுப்பா" என்றேன். பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பான்.

சாக்கு என்று நீ எழுதாமல் விட்டது என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு லிஃப்டுக்கு நாலு ரோப் இருக்கும். ஒன்று தாங்கியது என்பதற்காக மற்ற மூன்றுக்கும் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. ஐந்தாவது தாங்கியது, அந்த ஐந்தாவதுக்கு மட்டும்தான் செல்லும். இது எனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். உன்னிடம் ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில் தொழிலையே மறந்துவிட்டேன்.

நீ சொன்ன கம்பெனியிலிருந்து புது டயர்கள் நேற்று வந்தன. அதே கட்டம், அதே வளைவு. புது ரப்பர் வாசனை ஷெட் முழுக்க அடிக்கிறது. மாட்டியாயிற்று. பழைய நான்கையும் காகிதம் சுற்றிப் பின்னறையில் வைத்துவிட்டேன், யாராவது பார்க்க வந்தால் பார்க்கட்டும். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். உட்கார்ந்தால் பாப்பாவுக்கு வெளியே தெரியாது, ஒரு மெத்தை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். பாப்பாவை வைத்துக்கொண்டு நேரில் கேட்க முடியாது. இத்தனை நாளும் கேட்காததற்குக் காரணம், நீ என்ன சொன்னாலும் நம்பமாட்டேன் என்பதுதான். கேட்டும் நம்ப முடியாவிட்டால் கேட்டு என்ன? கிழிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் அப்படியே நம்பியிருப்பேன். யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. அப்படியிருந்தும் உனக்கு விரோதமானதை எழுதினாய். இப்போது கேட்கலாம் என்று தோன்றுகிறது.

அவனுக்கு வலித்ததா?

என்னை ஆறுதல்படுத்த எழுதாதே. டயரைப் பற்றி எழுதினாயே, அப்படி எழுது.

மாமா


மே 11

மாமா,

வலித்தது.

முதலில் முதுகில் மட்டும். பிறகு எல்லா இடத்திலும். ராத்திரியில் தலையணையைக் கடித்துக்கொள்வார், பாப்பா விழித்துவிடுவாள் என்று. மருந்து கொடுத்தால் தணியும். போகப்போக மருந்துக்கும் மருந்துக்கும் நடுவில் தாங்க முடியாமல் போனது. அந்த நேரங்களில் டாக்டரைத் திட்டினார், என்னைத் திட்டினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஒருநாள் மருந்து வேலை செய்யாமல் "அப்பா" என்று கத்தினார். "கூப்பிடட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகும் "அப்பா, அப்பா" என்றுதான் முனகிக்கொண்டிருந்தார்.

கடைசி இரண்டு நாள் வலி இல்லை. டாக்டர் சொன்னார் என்பதற்காகச் சொல்லவில்லை, நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். புருவம் சுருங்கவில்லை, கை இறுகவில்லை. நான் உங்களைக் கூப்பிட்டது அப்போதுதான். நீங்கள் வந்து குனிந்து பார்த்த முகம் வலியில்லாத முகம். அது உண்மை மாமா.

பிறந்தநாளுக்கு முதல் நாளே பஸ்ஸில் வருகிறோம். நாங்கள் இருவரும் சில நாள் அங்கே தங்கலாமா?